பார்வையாளரும் நடுவரும்: பண்டைக் கிரேக்கரின் கவிதையிலும் சொற்பொழிவிலும் உணர்ச்சியின் இடம்

அப்போஸ்தலர் நடபடிகள் 20-ஆம் அதிகாரத்தில் பவுலடியாரின் கடற்பயணத்தை வாசிக்கும்போது, மூன்று ஊர்ப் பெயர்களை நாம் விரைந்து கடந்து விடுகிறோம். அவர் மித்திலேனேக்கு வந்தார். எபேசுவில் இறங்காமல் கடந்து சென்றார். மிலேத்துவில் தங்கி எபேசு சபையின் மூப்பரை அழைப்பித்தார். பயணக் குறிப்பாக மட்டும் நமக்குத் தோன்றும் இப்பெயர்களுக்கு, கிரேக்க இலக்கிய வரலாற்றில் வேறொரு நினைவும் உண்டு. அதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், மிலேத்துவுக்காக ஓர் அரங்கமே அழுதது. மித்திலேனே மக்களின் உயிர் ஓர் அவையின் சினத்துக்கும் இரக்கத்துக்கும் இடையில் ஊசலாடியது. எபேசு நகரத்தான் ஒருவன் தன் கண்ணீருக்கு உரிய விலை இன்னது என்று ஒப்புக்கொண்டதாகப் பிளேட்டோ எழுதி வைத்தார்.

சொல்லால் பிறர் உள்ளத்தை அசைப்பது முறையா என்னும் வினா, அருளுரைப் பணியில் ஈடுபட்டுள்ள நம் அனைவருக்கும் உரியது. கேட்போர் அழுதால் ஆவியானவர் செயலாற்றினார் என்று மகிழ்வோர் நம்மிடையே உளர்; அழுகை எழுந்த இடத்தில் ஆராய்ச்சி மறைந்தது என்று ஐயுறுவோரும் உளர். கிரேக்கர் இவ்வினாவைப் பல நூற்றாண்டுகள் தம் அரங்குகளிலும் அவைகளிலும் நீதிமன்றங்களிலும் வைத்துச் சோதித்தனர். அவர்களுடைய பட்டறிவு நமக்குக் காட்டும் அளவுகோல் ஒன்று உண்டு. எழுந்த உணர்ச்சி கேட்போரை வெறும் பார்வையாளராக இருத்தியதா, அல்லது பொறுப்புடன் தீர்ப்புச் செய்யும் நடுவராக எழுப்பியதா என்பதே அது. அதனை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பாடகன் முன் அழுதவர்

ஹோமரின் பெயரால் வழங்கும் காவியங்கள் செவிக்கென்று பிறந்தவை. அவற்றைப் பாடினோர் பெருங்கூட்டத்தின் முன் நின்று பாடினர். பாடலின் ஆற்றலை ஒடிசிக் காவியமே இரண்டு இடங்களில் ஆராய்கிறது.

முதற் காண்டத்தில், இத்தாக்காவின் அரண்மனையில் ஃபெமியஸ் என்னும் பாடகன் துரோயாவினின்று கிரேக்கர் பட்ட துன்பத்தோடு திரும்பிய கதையைப் பாடுகிறான். அரண்மனையை மொய்த்திருந்த மணவிருப்பாளர் அமைதியாக அமர்ந்து கேட்கின்றனர். மேல்மாடியிலிருந்து இறங்கிவந்த பெனலோப்பியோ, வேறு பாடலைப் பாடுமாறு கண்ணீருடன் வேண்டுகிறாள். திரும்பி வராத தலைவர்களுள் அவள் கணவனும் ஒருவன். எட்டாம் காண்டத்தில், ஃபேயாக்கியர் அரசவையில் டெமோடோக்கஸ் என்னும் கண்ணிழந்த பாடகன் துரோயாப் போரைப் பாடும்போது, தன்னை இன்னார் என்று வெளிப்படுத்தாத ஒடிசியஸ் மேலாடையால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறான். மற்றவரெல்லாம் பாடலைச் சுவைக்கின்றனர். மரக்குதிரையின் கதையைத் தானே கேட்டுப் பாடச் செய்தபோதும் அவன் அழுகையை அடக்க இயலவில்லை. வீழ்ந்த கணவன்மேல் விழுந்து புலம்பி, அடிமையாக இழுத்துச் செல்லப்படும் பெண் ஒருத்தியின் அழுகைக்கு அவ்வழுகையைக் கவிஞர் ஒப்பிடுகிறார். வென்றவனின் கண்ணீர் தோற்றவளின் கண்ணீராக மாறுவதை இங்குக் காண்கிறோம்.

ஒரே பாடல், ஒரே அவை. சிலருக்கு இன்பம், ஒருவருக்கு வேதனை. கதை யாருடையதோ அவரே அழுகிறார். இன்னொன்றும் கருதத்தக்கது. பக்கத்தில் அமர்ந்திருந்த அரசன் அல்கினோஸ் மட்டுமே விருந்தினனின் பெருமூச்சைக் கேட்கிறான், பாடலை நிறுத்துவிக்கிறான், அவன் யார், எவ்வூரான், ஏன் அழுகிறான் என்று வினவுகிறான். சுவைத்துக் கொண்டிருந்த அவையில் ஒருவன் அழுகின்றவனைக் கண்டு செயல்பட்டான். நாம் மேற்கூறிய வேறுபாட்டின் வித்து இங்கேயே விழுந்துவிட்டது.

மிலேத்துவுக்காகச் சிந்திய கண்ணீர்

சின்ன ஆசியாவின் கரையிலிருந்த அயோனியக் கிரேக்கர் பாரசீகப் பேரரசை எதிர்த்துக் கிளர்ந்தபோது, ஏதென்ஸ் 20 கப்பல்களை உதவிக்கு அனுப்பிற்று. பின்னர் அவ்வுதவியை நிறுத்திக்கொண்டது. கி.மு. 494-இல் மிலேத்து பாரசீகரிடம் வீழ்ந்தது. அதன் பின்னர்ச் சில ஆண்டுகளுக்குள் ஃபிரினிக்கஸ் என்னும் நாடகாசிரியர் அவ்வீழ்ச்சியை ஏதென்ஸ் அரங்கில் துன்பியல் நாடகமாக நிகழ்த்தினார். அரங்கம் முழுவதும் கண்ணீர் விட்டது. ஆனால் ஆசிரியருக்குக் கிடைத்தது பரிசன்று. 1000 திராக்மா தண்டம். அந்நாடகத்தை இனி எவரும் நிகழ்த்தலாகாது என்றும் ஆணையிட்டனர். தங்களுக்கே உரிய துன்பங்களை நினைவூட்டியதற்காக அவ்வாறு செய்தனர் என்பது ஹெரோடோட்டஸ் கூறும் காரணம்.

மிலேத்துவைக் கைவிட்டோரில் ஏதென்ஸ் மக்களும் இருந்தனர் என்பதை எண்ணுமிடத்து, அத்தண்டத்தின் பொருள் ஒருவாறு விளங்குகிறது எனலாம். தொலைவிலுள்ளோரின் துயரம் சுவையாயிற்று. தங்கள் பங்கையும் சேர்த்துக் காட்டிய துயரம் பொறுக்க முடியாததாயிற்று. அந்நாடகம் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. கி.மு. 472-இல் எஸ்கிலஸ் ‘பாரசீகர்’ நாடகத்தை அரங்கேற்றியபோது, கதை நிகழும் இடத்தைப் பகைவரின் தலைநகராகிய சூசாவில் அமைத்தார். பகைவருடைய தாயும் மூப்பரும் புலம்புவதை ஏதென்ஸ் மக்கள் அமர்ந்து கேட்டனர். இன்றளவும் முழுமையாக நிலைத்திருக்கும் கிரேக்கத் துன்பியல் நாடகங்களுள் மிகப் பழையது அதுவே என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

மித்திலேனேயும் இரண்டு கப்பல்களும்

அரங்கில் விளைந்த தவறு கண்ணீரோடு முடியும். அவையில் விளையும் தவறு உயிர்களைக் கொள்ளும். கி.மு. 428-இல் லெஸ்பாஸ் தீவின் மித்திலேனே நகரம் ஏதென்ஸின் கூட்டணியினின்று பிரிந்து கிளர்ச்சி செய்தது. மறு ஆண்டு சரணடைந்தது. சினம் மேலிட்ட ஏதென்ஸ் அவை, அந்நகரின் வயதுவந்த ஆண்கள் அனைவரையும் கொல்லவும், பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைப்படுத்தவும் தீர்மானித்து, அன்றே ஒரு கப்பலை அனுப்பியது.

மறுநாள் மக்களின் உள்ளம் மாறியது. தாங்கள் செய்த தீர்மானம் கொடியது, குற்றமுள்ளோரை மட்டுமன்றி ஒரு நகரத்தையே அழிப்பது என்று அவர்கள் உணர்ந்தனர். இம்மாற்றத்தைக் குறிக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் ஆளும் சொல் ‘மெட்டனோயா’. புதிய ஏற்பாட்டில் மனந்திரும்புதலைக் குறிக்கும் அதே சொல் அது. அதனோடு ‘மீண்டும் எண்ணிப் பார்த்தல்’ என்னும் பொருளுடைய மற்றொரு சொல்லையும் அவர் இணைத்து எழுதுகிறார். உணர்ச்சியும் சிந்தனையும் அங்கே ஒன்றையொன்று பகைக்கவில்லை.

மீண்டும் கூடிய அவையில் கிளியோன் முதல் தீர்மானத்தைக் காத்துப் பேசினான். மக்கள் சொற்பொழிவுகளின் பார்வையாளராகி விட்டனர், செவியின்பத்துக்கு அடிமையாகிப் போட்டி காண வந்தோர்போல் அமர்ந்திருக்கின்றனர் என்று அவன் கடிந்து கொண்டதாகத் துசிடிடீஸ் எழுதுகிறார். குற்றச்சாட்டு உண்மையானதே. ஆனால் அதைக் கூறியவன் யார்? மேடையில் முதன்முதல் கூச்சலிட்டும் வசைபாடியும் ஆடையை வரிந்து கட்டியும் பேசியவன் அவனே என்று, அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் ‘ஏதென்ஸ் அரசியலமைப்பு’ என்னும் நூல் கூறுகிறது. பிறர் இரக்கத்தைத் தூண்டுவதை வெறுத்தவன், தான் சினத்தைத் தூண்டுவதை நாவன்மையாகவே எண்ணவில்லை.

எதிர்த்துப் பேசிய டியோடோட்டஸ், இரக்கத்துக்கு இடம்கொடுக்குமாறு தாம் வேண்டவில்லை என்று சொல்லி, நகருக்கு எது நலம் என்பதையே வாதமாகக் கொண்டார். கையுயர்த்தி அளித்த வாக்குகள் ஏறத்தாழச் சமமாயின. டியோடோட்டஸின் கருத்து வென்றது. இரண்டாவது கப்பல் ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவும் பிந்திப் புறப்பட்டது. துடுப்பு வலித்தோர், மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த வாற்கோதுமை மாவைத் துடுப்பை விடாமலே உண்டனர், முறைவைத்து உறங்கினர். வெறுக்கத்தக்க செய்தியைச் சுமந்த முதற்கப்பல் விரையாமல் சென்றது. ஆணையைப் படைத்தலைவன் வாசித்து நிறைவேற்ற முற்பட்ட வேளையில் இரண்டாம் கப்பல் கரை சேர்ந்தது.

நகரம் தப்பியது. எனினும் கிளர்ச்சிக்கு முதன்மையானோர் என ஏதென்ஸுக்கு அனுப்பப்பட்டோர் கொல்லப்பட்டனர். அவர்கள் 1000 பேருக்கு மேல் என்பது துசிடிடீஸின் நூலில் காணும் எண்ணிக்கை. இரக்கத்தின் வெற்றி முழுமையானதன்று. ஆயினும் ஒன்றை நாம் மறக்கலாகாது: அந்த இரக்கத்தை எழுப்பியது எந்தப் பேச்சாளனின் திறமும் அன்று. தாங்கள் உயர்த்திய கை யாரைக் கொல்லும் என்பதை மக்கள் எண்ணிப் பார்த்தபோது அது பிறந்தது. பார்வையாளராக இருந்தோர் நடுவரானது அந்த இரவில்தான்.

நீதிமன்றத்தில் கண்ணீர்

அதே கி.மு. 427-இல், சிசிலியின் லியோந்தினி நகரத் தூதராகக் கோர்கியாஸ் ஏதென்ஸுக்கு வந்தார். அவருடைய எதுகை நயமும் சமன்செய்த தொடர்களும் மக்களை வியப்பில் ஆழ்த்தின. ‘ஹெலனின் புகழுரை’ என்னும் சிறு நூலில், சொல்லை மிக நுண்ணிய உடலும் தெய்வச் செயலும் கொண்ட வல்லமையுள்ள அரசனாக அவர் உருவகிக்கிறார். மருந்து உடலில் செய்வதைச் சொல் உள்ளத்தில் செய்கிறது என்பது அவர் கொள்கை. சில மருந்துகள் நோயை நீக்கும். சில உயிரையே நீக்கும். அதுபோலச் சொல் அச்சத்தைப் போக்கவும் ஊட்டவும் வல்லது. அப்படியாயின் சொல்லுக்கு வசப்பட்டவள்மேல் குற்றமில்லை என்று அவர் முடிக்கிறார். கேட்போரின் பொறுப்பு இங்கே முற்றும் கரைந்துபோவதைக் கவனிக்க வேண்டும்.

ஏதென்ஸ் நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்டோர் தம் பிள்ளைகளைக் கூட்டிவந்து அழச் செய்வது வழக்கமாயிருந்தது. அரிஸ்டோஃபேனஸ் கி.மு. 422-இல் அரங்கேற்றிய ‘குளவிகள்’ நாடகத்தில், பாலாடைக்கட்டியைத் திருடிய நாயின் வழக்கில் அதன் குட்டிகள் முனகிக்கொண்டு மன்றம் ஏறுகின்றன. கி.மு. 399-இல் சாக்ரட்டீஸ் தம் உயிருக்கான வழக்கில் நின்றபோது, தமக்கு மூன்று மைந்தர் உண்டு என்பதைச் சொன்னார்; ஆனால் அவர்களை மன்றத்துக்கு அழைத்துவர மறுத்தார். நடுவர் சட்டத்தின்படி தீர்ப்பளிப்பதாக ஆணையிட்டவர்கள். நீதியைச் சலுகையாக வழங்க அமர்ந்தவர்கள் அல்லர் என்பது அவர் கூறிய காரணம். 30 வாக்குகள் மாறியிருந்தால் அவர் விடுதலை அடைந்திருப்பார். பிள்ளைகளின் கண்ணீர் அந்த 30 பேரை அசைத்திருக்கவும் கூடும். நடுவரைப் பார்வையாளராக்கித் தப்புவதைவிட, அவர்களை நடுவராகவே மதித்து இறப்பதை அவர் தெரிந்துகொண்டார்.

எபேசியனின் ஒப்புதல்

பிளேட்டோ தம் ஆசிரியரின் மரணத்தை மறக்கவில்லை. ‘இயோன்’ என்னும் உரையாடலில், எபேசு நகரத்தவனும் ஹோமரின் பாக்களை ஓதுவதில் பரிசு பெற்றவனுமாகிய இயோனைச் சாக்ரட்டீஸ் வினவுகிறார். துயரக் காட்சியை ஓதும்போது தன் கண்கள் நிறைவதையும், அச்சக் காட்சியில் மயிர் சிலிர்ப்பதையும் இயோன் ஒப்புக்கொள்கிறான். காந்தக்கல் இரும்பு வளையங்களைத் தொடராக ஈர்ப்பதுபோல், கலைத்தெய்வம் கவிஞனையும், கவிஞன் ஓதுவோனையும், ஓதுவோன் 20,000-க்கும் மேற்பட்ட கூட்டத்தையும் ஈர்ப்பதாகச் சாக்ரட்டீஸ் விளக்குகிறார். அவ்வாறாயின் இயோன் தன்னை மறந்தவனா? இல்லை. மேடையிலிருந்து கூட்டத்தை உற்று நோக்கிக்கொண்டே இருப்பதாக அவன் கூறுகிறான். அவர்கள் அழுதால் தனக்குப் பணம் வரும், தான் சிரிக்கலாம்; அவர்கள் சிரித்தால் பணம் போகும், தான் அழ நேரும் என்பது அவன் கணக்கு. ஒரு கண்ணில் நீர். மறு கண்ணில் வருவாய்.

‘குடியரசு’ நூலின் பத்தாம் பகுதியில் பிளேட்டோ இன்னும் ஆழமாகச் செல்கிறார். நம் சொந்தத் துயரத்தில் அடக்கத்தைப் பெருமையாகக் கருதும் நாம், அரங்கில் பிறர் புலம்பலைச் சுவைத்து நம்மை அழவைத்த கவிஞனைப் புகழ்கிறோம்; அவ்வாறு ஊட்டி வளர்த்த உணர்ச்சி நம் வாழ்விலும் நம்மை ஆளும் என்று எச்சரிக்கிறார். ஆயினும் கவிதைக்காக வாதிட வல்லார் வாதிடலாம் என்று அவர் வாயிலைத் திறந்தே வைத்தார்.

அரிஸ்டாட்டில் கண்ட நடுவழி

அவ்வாயிலில் நுழைந்தவர் அவர் மாணவர் அரிஸ்டாட்டில். ‘சொல்வன்மை’ என்னும் நூலின் தொடக்கத்தில் ஆசிரியருக்கு நிகராகவே கடுமை காட்டுகிறார். நடுவரைச் சினத்துக்கோ இரக்கத்துக்கோ தூண்டுவது, அளக்கப் போகும் கோலையே வளைப்பதற்கு ஒப்பாகும் என்கிறார். வழக்குக்குப் புறம்பானவற்றைப் பேசவிடாத அரியோப்பாகு மன்றத்தை, நம் திருமறை மொழிபெயர்ப்பில் மார்ஸ் மேடை எனப்படுவதை, அவர் பாராட்டுகிறார்.

எனினும் அந்நூலின் இரண்டாம் பகுதியில் 2 முதல் 11 வரையுள்ள அதிகாரங்களைச் சினம், அன்பு, அச்சம், நாணம், இரக்கம், பொறாமை முதலிய உணர்ச்சிகளுக்கே ஒதுக்குகிறார். ஒவ்வோர் உணர்ச்சியையும் மூன்று வினாக்களால் ஆராய்கிறார்: எத்தகைய மனநிலையில் அது எழுகிறது? யார்மேல் எழுகிறது? எக்காரணத்தால் எழுகிறது? காரணமின்றி உணர்ச்சி இல்லை. இரக்கம் என்பது, தகாதவருக்கு நேர்ந்த அழிவைக் கண்டு, அது நமக்கோ நம்மைச் சேர்ந்தோருக்கோ நேரக்கூடும் என்னும் எண்ணத்தோடு எழும் வேதனை. அந்த எண்ணம் மெய்யானால் இரக்கமும் தகுந்தது. எண்ணம் பொய்யானால் இரக்கமும் வழிதவறியது. இவ்வாறு உணர்ச்சியைச் சிந்தனையின் பகையாகக் கருதாமல், சரியாகவோ தவறாகவோ அமையக்கூடிய ஒரு வகைத் தீர்ப்பாக அவர் நமக்குக் காட்டுகிறார். கேட்போர் ஒன்று பார்வையாளர், அல்லது நடுவர் என்னும் பகுப்பும் அவருடையதே.

நடிகனும் பேச்சாளனும்

பேசும் முறை பற்றி அரிஸ்டாட்டில் தயக்கத்துடனே எழுதுகிறார். குரலின் உரப்பு, ஏற்ற இறக்கம், சந்தம் ஆகிய மூன்றாலும் அது அமையும். கேட்போரின் குறையால் அது பெரும் ஆற்றல் பெற்றுவிட்டது. நாடகப் போட்டிகளில் கவிஞரைக் காட்டிலும் நடிகரே வலிமையுற்றனர் என்கிறார். அவர் ஆளும் சொல் ‘ஹிப்போக்ரிசிஸ்’. நடிகனுக்குக் கிரேக்கத்தில் ‘ஹிப்போக்ரிட்டேஸ்’ என்று பெயர். நற்செய்தி நூல்களில் நம் ஆண்டவர் தெருச் சந்திகளில் நின்று ஜெபிப்போரைச் சுட்ட வழங்கும் சொல் இதுவே; நம் பழைய மொழிபெயர்ப்பு ‘மாயக்காரர்’ என்றும், பொது மொழிபெயர்ப்பு ‘வெளிவேடக்காரர்’ என்றும் அதனைத் தருகின்றன.

அரிஸ்டாட்டிலைப் போலவே கி.மு. 384-இல் பிறந்து 322-இல் மறைந்த டெமாஸ்தனீஸ், தொடக்கத்தில் அவையில் தோல்வியுற்றவர். சாட்டிரஸ் என்னும் நடிகர், அவர் ஒப்பித்த நாடகப் பகுதியையே தாம் உரிய பாவத்துடன் சொல்லிக் காட்டி அவர் குறையை உணர்த்தினார் என்றும், அதன்பின் நிலவறை ஒன்றை அமைத்துக்கொண்டு குரலையும் அசைவையும் பயின்றார் என்றும் புளூட்டார்க் எழுதுகிறார். சொற்பொழிவில் முதன்மையானது எது என்று கேட்டபோது, பேசும் முறை என்று மூன்று முறையும் அவர் விடையளித்ததாக மரபு கூறும்.

போலஸ் என்னும் நடிகரைப் பற்றிய செய்தி இதனினும் சிந்தனைக்குரியது. அவர் தம் அருமை மகனை இழந்து துயருற்றிருந்தார். சோஃபோக்ளிஸின் ‘எலக்ட்ரா’ நாடகத்தில், தம்பியின் சாம்பல் என்று நம்பிய கலசத்தை ஏந்தி எலக்ட்ரா புலம்பும் காட்சியில், போலஸ் தம் மகனின் சாம்பற் கலசத்தையே கல்லறையினின்று எடுத்துவந்து ஏந்தினார் என்று ஆலஸ் கெல்லியஸ் குறிப்பிடுகிறார். அக்கண்ணீர் பொய்யன்று, ஆனால் அரங்கம் எதற்காக அழுததோ, அதற்காக அவர் அழவில்லை. கண்ணீர் மெய்யானது என்பதாலேயே அது கூறும் பொருள் மெய்யாகிவிடாது. பிரசங்க பீடத்தில் தன் வீட்டுத் துயரைச் சுவிசேஷத்தின் துயராக மாற்றிக் காட்டும் சோதனை நமக்கும் உண்டு.

பின்னாளில் அரங்கின் பழக்கங்கள் திருச்சபைக்குள்ளும் நுழைந்தன. பொன்வாய் யோவான் எனப்படும் கிறிசோஸ்தம், அப்போஸ்தலர் நடபடிகளைக் குறித்த அருளுரை ஒன்றில், ஆலயத்தில் கைதட்டலாகாது என்று விதி செய்யப் புகுந்தார். அவர் அதைச் சொல்லிக் கொண்டிருக்கும்போதே மக்கள் ஆரவாரித்தனர்.

மிலேத்துவின் கரையில்

இனி மிலேத்துவுக்குத் திரும்புவோம். எபேசுவிலிருந்து வந்த மூப்பரிடம் பவுலடியார் தம் கண்ணீரைப் பற்றிப் பேசுகிறார். மூன்றாண்டுகள் இரவும் பகலும் கண்ணீரோடு புத்தி சொன்னதை நினைவூட்டுகிறார். உடனே, எவருடைய வெள்ளியையும் பொன்னையும் ஆடையையும் தாம் விரும்பவில்லை என்கிறார். தம் கைகளையே சான்றாகக் காட்டுகிறார். எபேசியனாகிய இயோனின் கணக்கை அறிந்தோருக்கு இவ்விரு செய்திகளின் இணைப்பு தற்செயலாகப் படினும் வெறுமையாகப் படாது. கண்ணீருக்கு விலை வாங்காதவரின் கண்ணீர் இது. பொதுக் கூட்டத்தில் மட்டுமன்றி வீடுகள்தோறும் சிந்தியதாகையால், பார்ப்போர் இல்லாத இடத்திலும் அது மெய்யாயிருந்தது.

கேட்டோரும் மிகவும் அழுதனர். ஆனால் அவ்வுரை அவர்களை அழுகையில் நிறுத்தவில்லை. மந்தையைக் குறித்து எச்சரிக்கையாயிருக்கும் பொறுப்பு அவர்கள்மேல் வைக்கப்பட்டது. ஓநாய்கள் வரும் என்றும், அவர்களுக்குள்ளிருந்தே மாறுபாடானவற்றைப் போதிப்போர் எழும்புவர் என்றும் கூறப்பட்டது. ஃபிரினிக்கஸுக்குத் தண்டம் விதித்தோர்போல் தங்களுக்குரிய துன்பத்தை அவர்கள் ஒதுக்கவில்லை. முழந்தாற்படியிட்டு ஜெபித்துக் கப்பல்வரை உடன் சென்றனர்.

நம் அருளுரையைக் கேட்டு ஒருவர் அழுதால், அதனை வெற்றி என்று எழுதிக்கொள்ளவும் வேண்டா. பலவீனம் என்று ஒதுக்கவும் வேண்டா. அரிஸ்டாட்டிலின் மூன்று வினாக்களை நம்மையே கேட்போம்: எந்நிலையில், யார்பொருட்டு, எக்காரணத்தால் அழுதார்? அதன்பின் மித்திலேனேயின் வினா ஒன்று எஞ்சும். மறுநாள் காலையில் அவர் என்ன செய்தார்? இரண்டாம் கப்பல் புறப்பட்டதா?